எல்லா ஃபீல்டுக்கும் செட்டர் எதற்கு?

ஜாவா படித்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஃபீல்டை எல்லாம் பிரைவேட் ஆக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்டர், ஒரு செட்டர் எழுது, அதுதான் என்காப்சுலேஷன் என்பார்கள். கையால் எழுதக்கூட வேண்டாம். ஐ.டி.இ-யில் ரெண்டு கிளிக், இருபது மெத்தட் ரெடி. லாம்பாக் இருந்தால் ஒரு அனோட்டேஷனே போதும். யோசிக்காமல் வந்து விழும் இந்த மெத்தட்கள் எதையும் மறைப்பதில்லை என்பதுதான் என் விமர்சனம்.

இந்த வழக்கத்தைப் பரப்பியதில் ஜாவாபீன்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997-இல் வெளியிட்ட அதன் 1.01 விவரக்குறிப்பைப் பாருங்கள். பட்டன் மாதிரியான துண்டுகளை மவுஸால் இழுத்துப் போட்டுத் திரை அமைக்கும் கருவிகளுக்கு, ஒரு கிளாஸில் என்னென்ன பண்புகள் உண்டு என்று தெரிய வேண்டும். மெத்தட்டின் பெயர் கெட், செட் என்று தொடங்கினால் அது ஒரு பண்பு. அதாவது கருவிக்காக வைத்த பெயர் ஒப்பந்தம். ஹைபர்னேட், ஸ்பிரிங் போன்றவையும் பின்னால் அதையே பிடித்துக்கொண்டன. கருவியின் வசதிக்கு வந்தது, நாளடைவில் நல்ல வடிவமைப்பின் இலக்கணம் ஆகிவிட்டது!

இதில் என்ன நஷ்டம்? ஒரு விடுதி அறை முன்பதிவை எடுத்துக்கொள்வோம். 10-ஆம் தேதி முதல் 12 வரை. வாடிக்கையாளர் அதை 20 முதல் 22-க்கு மாற்றச் சொல்கிறார். முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்பது விதி. அந்தச் சோதனையைச் செட்டரில் வைத்தால், தொடக்கத்தை 20 ஆக்கும்போதே எரர். ஏன்னா முடிவு இன்னும் 12-லேயே நிற்கிறது. சரி, முடிவை முதலில் மாற்றலாம். ஆனால் முன்பதிவை 1 முதல் 3-க்கு நகர்த்தும்போது அதுவே எரர் தரும். சோதனையையே எடுத்துவிட்டால், 20-இல் தொடங்கி 12-இல் முடியும் முன்பதிவு டேட்டாபேஸில் போய் உட்காரும்.

விதி இரண்டு ஃபீல்டுக்கும் பொதுவானது. செட்டருக்கோ ஒரு நேரத்தில் ஒரு ஃபீல்டுதான் தெரியும். இரண்டு தேதிகளையும் ஒன்றாக வாங்கும் ஒரே மெத்தட் எழுதினால் விஷயம் முடிந்தது.

கெட்டரும் சளைத்ததில்லை. உள்ளே இருக்கும் லிஸ்ட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தால், வாங்கியவர் அதில் எதையும் சேர்க்கலாம், நீக்கலாம். அப்புறம் அந்த ஃபீல்டை பிரைவேட் என்று எழுதி என்ன பயன்?

மறுதரப்பு வாதத்திலும் நியாயம் உண்டு. ஜாவாவில் பப்ளிக் ஃபீல்டைப் பின்னால் மெத்தட் ஆக்கினால், அதைப் பயன்படுத்தும் எல்லா இடத்திலும் கோடை மாற்ற வேண்டும். அதனால் முன்கூட்டியே கெட்டர் வைப்பது புத்திசாலித்தனம்தான். ஆனால் இது மொழியின் குறை. சேமித்த மதிப்போ, கணக்கிட்டுத் தரும் மதிப்போ, கேட்பவருக்கு வித்தியாசம் தெரியக்கூடாது என்று ஐஃபெல் மொழியை உருவாக்கிய பெர்ட்ரண்ட் மேயர் 1988-லேயே புத்தகத்தில் எழுதிவிட்டார். பைத்தானில் 2.2 பதிப்பிலிருந்து ப்ராப்பர்ட்டி இருக்கிறது. சாதாரண ஃபீல்டாகத் தொடங்கி, தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம். அழைக்கும் கோடில் கை வைக்க வேண்டாம். ஜாவா பழக்கத்தில் பைத்தானிலும் கெட், செட் எழுதுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் புரியவில்லை.

ஜாவாவே கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2021-இல் வந்த ஜாவா 16-இல் ரெக்கார்டு நிரந்தர அம்சமானது. அதில் செட்டர் கிடையாது, கெட் என்ற முன்னொட்டும் கிடையாது. விதிகளைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே சோதித்துவிடலாம். வெறும் தகவலைச் சுமந்து போகும் கிளாஸுக்கு இது போதும்.

மற்ற கிளாஸ்களில் செட்டரைப் பார்த்தால், கோட் ரிவ்யூவில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை வெளியிலிருந்து யார், எதற்காக மாற்றுகிறார்கள்? "முன்பதிவை ரத்து செய்ய" என்று பதில் வந்தால், நிலையை மாற்றும் செட்டரை எடுத்துவிட்டு, ரத்துசெய் என்றே ஒரு மெத்தட் எழுதலாம். பணத்தைத் திருப்பித் தருவது, அறையை விடுவிப்பது எல்லாம் அந்த ஒரே இடத்தில் இருக்கும். பதிலே வரவில்லை என்றால், அந்தச் செட்டரை அழித்துவிடலாம்.