துயரும் குரலும்: இரு கொரியத் திரைப்படங்களில் பன்சோரி

கொரியரின் கதைப்பாடல் மரபான பன்சோரியை ஒரு பாடகரும் ஒரு முரசுக் கலைஞரும் மட்டுமே நிகழ்த்துவர். பாட்டு, பேச்சு, மெய்ப்பாடு ஆகியவற்றால் பாடகர் ஒருவரே கதைமாந்தர் அனைவருமாகிறார். முன்னர்ப் பன்னிரண்டாக வழங்கிய கதைகளுள் ஐந்தே இன்று முழுமையாக எஞ்சியுள்ளன. 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்கலையைச் சிறப்பித்தது. எனினும், கொரிய மொழி அறியாத நம்மில் பலர்க்குத் திரைப்படமே இதனை அறிமுகப்படுத்துகிறது. அப்படம் காட்டும் பன்சோரி எத்தகையது என்பது ஆராயத்தக்கது.

இம் குவோன்-தேக் இயக்கிய 'சொப்யொன்ஜே' (1993) சியோல் நகரில் மட்டும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பார்வையாளரைப் பெற்றது. நாடோடிப் பாடகர் யூபோங், வளர்ப்பு மகள் சோங்வாவின் குரலில் 'ஹன்' எனப்படும் ஆறாத்துயர் ஏறவேண்டும் எனக் கருதி அவளைப் பார்வையிழக்கச் செய்கிறார். படம் இக்கொடுமையை மறைக்கவில்லை. ஆயினும் அதன் பயனாகச் சிறந்த குரல் பிறந்ததாகக் காட்டி அதற்கு நியாயம் கற்பித்துவிடுகிறது. இறுதியில் தம்பி முரசு கொட்ட, அவள் சிம்சோங் கதையைப் பாடுகிறாள். மகளின் தியாகத்தால் பார்வையற்ற தந்தை கண்பெறும் கதை அது. அதனைத் தந்தையால் கண்ணிழந்த மகள் பாடும் முரண் ஆழமானது. ஆனால், ஓரிடத்தில் அவள் குரல் அடங்கிப் பின்னணி இசை மேலெழுகிறது. கண்ணை விலையாகக் கொடுத்துப் பெற்ற குரலை நாம் கேட்க இயலாமற் போகிறது.

அதே இயக்குநரின் 'சுன்யாங்' (2000) வேறுவழிச் செல்கிறது. இதில் சோ சாங்-ஹியுன் பாடும் பன்சோரியே கதை சொல்கிறது. காட்சிகள் அப்பாட்டின் நடையைப் பின்பற்றுகின்றன. அவையோர் 'சுயிம்சே' எனும் ஊக்கக்குரல் எழுப்புவதையும் காண்கிறோம். கொடிய ஆட்சியாளனின் ஆணையால் அடிபடும் சுன்யாங், அடியின் எண்ணிக்கை ஒவ்வொன்றையும் தன் மறுப்புரையாக மாற்றுகிறாள். சோங்வாவிடம் பிறர் திணித்த துயர், இங்கு எதிர்ப்பின் குரலாகிறது.

ஆகவே, 'ஹன்' ஒன்றே பன்சோரியின் உயிர் என்று கொள்ளுதல் பொருந்தாது. கடலரசனை முயல் ஏமாற்றும் கதையும் இம்மரபில் உண்டு. அது நகைச்சுவை மிக்கது. துயர் இக்கலையின் பாடுபொருள்களுள் ஒன்று. அதனைக் கலைஞரை உருவாக்கும் கருவியாக ஏற்போமாயின், யூபோங்கின் செயலுக்கு நாமும் உடன்பட்டவராவோம்.