பகடை வரையும் நிலவறை

வீடியோ கேம் செய்பவர்களுக்கு ஒரு பழைய ஆசை உண்டு. நிலவறை, மலை, கோள் எதையும் ஆள் உட்கார்ந்து வரையக் கூடாது. விதிகளை எழுதிக் கொடுத்தால் கணினியே வரைந்துவிட வேண்டும். தொழிலில் இதை ப்ரொசீஜுரல் ஜெனரேஷன் என்கிறார்கள். உழைப்பு மிச்சம், உலகத்துக்கு முடிவில்லை, ஒவ்வொரு ஆட்டமும் புதிது என்று மூன்று நன்மைகள் சொல்வார்கள். முதலாவது பெரும்பாலும் பொய். இரண்டாவது வெறும் விளம்பரம். மூன்றாவது உண்மை, ஆனால் நிபந்தனை உண்டு.

அந்த நிபந்தனை 1980 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. மைக்கேல் டாய், க்ளென் விச்மன் என்ற கலிஃபோர்னியா மாணவர்கள், தாங்கள் எழுதிய விளையாட்டு தங்களையே திகைக்க வைக்க வேண்டும் என்று நினைத்து உருவாக்கியது 'ரோக்'. படமே கிடையாது, அரக்கர்கள் எல்லாரும் ஆங்கில எழுத்துகள். செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குள் நிலவறையும் மாறியிருக்கும். வரைபடம் மாறாவிட்டால் மனப்பாடம் செய்து ஜெயிக்கலாம். சாவுக்கு விலை இல்லாவிட்டால் அடுத்த அறையில் என்ன இருந்தால் என்ன? இரண்டும் சேரும்போதுதான் கையிலுள்ள ஒற்றை மருந்தை இப்போதே குடிப்பதா, வைத்திருப்பதா என்று ஆடுபவர் தயங்குகிறார். கணினி தருகிற புதுமைக்கு மதிப்பு அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது.

உழைப்பு மிச்சம் என்ற கதைக்கு டெரெக் யூ 2008-இல் வெளியிட்ட 'ஸ்பெலங்கி'யைப் பிரித்துப் பார்த்தால் போதும். ஒவ்வொரு கட்டமும் நாலுக்கு நாலு, பதினாறு அறைகள். மேல் வரிசையில் ஓர் அறையில் தொடங்கி, கணினி ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணை எடுக்கிறது. ஒன்றோ இரண்டோ வந்தால் பாதை இடப்பக்கம், மூன்றோ நான்கோ வந்தால் வலப்பக்கம், ஐந்து வந்தால் கீழே. சுவரில் முட்டினாலும் கீழே. இப்படி அடி வரிசைவரை ஒரு வழி உறுதியாகிறது. வெடிகுண்டும் கயிறும் தீர்ந்துபோனவர்கூட வாசலை அடையலாம். அறைகளின் உட்புறமோ யூ கையால் வரைந்து வைத்த அச்சுகள். அவற்றில் சில சதுரங்களை மட்டுமே கணினி மாற்றிப் போடுகிறது. ஆக, பகடைக்கு விட்டது கொஞ்சம், மனிதர் பிடித்து வைத்தது நிறைய. ஒரு கட்டத்தை வரைவதற்குப் பதில் எல்லாக் கட்டங்களும் எப்படி இருக்கலாம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இது குறைந்த வேலையா என்ன?

1984-இல் பிபிசி மைக்ரோவின் 32 கிலோபைட்டுக்குள் எட்டு விண்மீன் மண்டலங்களையும், மண்டலத்துக்கு 256 கோள்களையும் அடக்கிய 'எலைட்'டிலும் மனிதர் பிடித்து வைத்த கதைதான். டேவிட் பிராபனும் இயன் பெல்லும் இன்னும் எத்தனையோ மண்டலங்களைத் தந்திருக்க முடியும். வெளியீட்டாளர்தான் எட்டு போதும் என்றார். புத்திசாலி. எண்ணிக்கை கூடக் கூட, அடுத்த கோளும் இப்படித்தான் இருக்கும் என்று ஆடுபவருக்குத் தெரிந்துபோகிறது.

அந்த அறிவுரை 2016-இல் யாருக்கும் நினைவில்லை. 'நோ மேன்ஸ் ஸ்கை' 2-இன் 64-ஆம் அடுக்கு அளவுக்குக் கோள்கள் என்று வந்தது: 18-க்குப் பின்னால் 18 சுழியங்கள் போட்டாலும் கொஞ்சம் மிஞ்சும். நுட்பமாகப் பார்த்தால் அபாரமான வேலை. எந்தக் கோளும் வட்டில் சேமிக்கப்படவில்லை. நாம் நெருங்கும்போது சூத்திரம் அதைக் கணக்கிட்டு எழுப்புகிறது, விலகினால் கலைத்துவிடுகிறது. ஆனால் எந்தக் கோளில் இறங்கினாலும் பாறையைச் சுட்டுத் தாது எடு, கருவியை நிரப்பு, பற என்பதுதான் வேலை. வானத்தின் நிறம் மாறியது, நம் முடிவுகள் மாறவில்லை. 'ஸ்போர்' விளையாட்டில் பணியாற்றிய கேட் காம்ப்டன் இந்த நோய்க்கு ஓர் உவமை சொல்லியிருக்கிறார்: பத்தாயிரம் கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியில் ஒவ்வொன்றும் கணக்குப்படி தனித்துவமானதுதான், சாப்பிடுகிறவருக்கு எல்லாம் கஞ்சி. பிறகு வந்த இலவச அப்டேட்கள் அந்த விளையாட்டைத் தூக்கி நிறுத்தின. தளம் கட்டும் வசதியும், 2018-இல் பலர் ஒன்றாக ஆடும் வசதியும் பெரிதும் கைகொடுத்தன. ஒரு கோள் நினைவில் நிற்பதற்கு, அங்கே யாரோ வீடு கட்டியிருப்பது காரணமாயிற்று.

நன்றாகச் செய்த இடத்திலும் ஒரு குறை தீர்வதில்லை: நியாயம். 'ஸ்பெலங்கி'யில் வழி உறுதி, அதிர்ஷ்டம் உறுதியில்லை. ஒருவருக்கு ஆரம்பக் கட்டங்களிலேயே கடை, இன்னொருவருக்கு வெறும் முள். இதைத் தணித்தது, பின்னர் வந்த பதிப்பில் சேர்த்த தினசரிச் சவால்: அன்று உலகம் முழுவதும் ஒரே நிலவறை, ஆளுக்கு ஒரே வாய்ப்பு. பகடையை ஊருக்கே ஒரு முறை உருட்டிவிட்டால் புகார் சொல்ல முடியாதல்லவா.

'மைன்கிராஃப்ட்'டை வேகமாக முடிக்கும் போட்டிக்காரர்களோ சாதனைப் பட்டியலையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். முன்பே தெரிந்த உலகத்தில் ஆடுவோர் ஒரு பக்கம், தற்செயலாக விழும் உலகத்தில் ஆடுவோர் மறுபக்கம். இரண்டாவது பிரிவில் தொடக்கத்திலேயே தோதான கிராமமோ கப்பலோ கண்ணில் படாவிட்டால் அந்த உலகத்தை அப்படியே அழித்துவிட்டு அடுத்ததைத் திறக்கிறார்கள். ஒரு நல்ல ஓட்டத்துக்காக இப்படி நூற்றுக்கணக்கில் கழித்துத் தள்ளுவது அங்கே சகஜம். முடிவற்ற உலகம் என்று விற்கப்பட்ட பொருளில் அவர்கள் செய்யும் முதல் வேலை, அதைக் குப்பையில் போடுவது.