அழித்துவிட்ட முஷ்டி

யுத்தங்களும் அரசியல் கொள்கைகளும் கலையைப் பாதிக்கின்றன என்பதை யாரும் மறுப்பதில்லை. அது நல்லதா கெட்டதா என்று கேட்டால்தான் தகராறு வருகிறது. காலத்துக்குக் குரல் கொடுக்காதவன் கலைஞனே அல்ல என்கிறார் ஒருவர். அரசியல் தொட்ட கலை விடியுமுன் செத்துவிடும் என்கிறார் இன்னொருவர். இருவரும் பொதுவாகப் பேசுகிற வரையில் இருவரையும் மறுக்க முடியாது. அதனால் ஒரே கலைஞனுடைய இரண்டு சித்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உபயோகமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, 1937 ஜனவரியில், அந்நாட்டுக் குடியரசு சர்க்கார் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் தங்கள் மண்டபத்துக்கு ஒரு பெரிய சித்திரம் வேண்டும் என்று பிக்காஸோவைக் கேட்டது. மூன்று மாதம் ஆகியும் வேலை ஓடவில்லை. ஏப்ரலில் அவர் போட்டுப் பார்த்ததெல்லாம் ஓவியனும் அவன் எதிரே உட்கார்ந்த பெண்ணுமாக, யுத்தத்துக்குச் சம்பந்தமில்லாத கோடுகள். ஏப்ரல் 26-ம் தேதி, பிராங்கோவுக்குத் துணை வந்த ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குவெர்னிக்கா என்ற சிற்றூரைக் குண்டு போட்டு எரித்தன. மே முதல் தேதி பிக்காஸோ ஆரம்பித்தார். ஜூன் முதல் வாரத்துக்குள் ஏறக்குறைய எட்டு மீட்டர் அகலமுள்ள ‘குவெர்னிக்கா’ முடிந்துவிட்டது.

சர்க்கார் கேட்டு, பிரசாரத்துக்காகவே வரைந்த படம் இது. இரண்டாவது நண்பரின் சித்தாந்தப்படி இது செத்திருக்க வேண்டும். ஏன் சாகவில்லை?

படம் வளர வளர அதைக் கட்டம் கட்டமாகப் போட்டோ எடுத்துவைத்திருக்கிறார் டோரா மார். அவற்றை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். முதல் கட்டத்தில், கீழே விழுந்து கிடக்கும் வீரனின் கை நேராக மேலே நிற்கிறது; விரல்கள் முஷ்டியாக மடங்கியிருக்கின்றன. அந்நாளில் இடதுசாரிகளின் வணக்கம் அது. அடுத்த கட்டத்தில் அந்த முஷ்டி தானியக் கதிர்களைப் பிடித்திருக்கிறது. பின்னால் சூரியன்போல ஒரு வட்டம். பிறகு கையையே காணோம். பிக்காஸோ அதை அழித்துவிட்டார். கடைசியில் மிஞ்சியது உடைந்த கத்தியும் அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பூவும்தான். விமானம் இல்லை, குண்டு இல்லை, எதிரியின் முகமும் இல்லை. செத்த குழந்தையோடு கதறுகிற தாய், அலறுகிற குதிரை, சும்மா நிற்கிற காளை. அந்தக் காளை யார் என்று விமர்சகர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி இரண்டாவது சித்திரம். 1944-ல் பிக்காஸோ பிரெஞ்சுக் கம்யூனிஸ்டு கட்சியில் சேர்ந்தார். கொரியா யுத்தத்தின்போது, 1951-ல், ‘கொரியாவில் படுகொலை’ என்ற படத்தை வரைந்தார். இடது பக்கம் நிர்வாணமான பெண்களும் குழந்தைகளும்; வலது பக்கம் இரும்புக் கவசம் போட்ட சிப்பாய்கள், ஆயுதங்களை நீட்டியபடி. கையில் திறமை குறையவில்லை. கோபம் பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் படம் நடுவில் கோடு கிழித்தாற்போல் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது பார்ப்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு பார்க்க என்ன இருக்கிறது? சிப்பாய்கள் எந்த நாட்டார் என்று ஸ்பஷ்டமாக இல்லாததால் கட்சிக்காரர்களுக்கும் திருப்தி இல்லை. 1953-ல் ஸ்டாலின் இறந்தபோது பத்திரிகைக்கு அவர் வரைந்து கொடுத்த உருவத்தைக் கட்சி பகிரங்கமாகவே கண்டித்தது.

குவெர்னிக்காவிலும் பிக்காஸோ ஒரு கட்சிதானே என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் வரையும்போது அவர் தேடிக்கொண்டிருந்தார். கொரியாவில் தேடுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை. கொள்கை விடையைக் கையில் கொடுத்துவிட்டது.

இது சித்திரக்காரர்களோடு போகிற விஷயம் அல்ல. தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு விசாரணை நடத்துகிற நாவல்களை நாமும் நிறையப் படித்திருக்கிறோம். முதலாளி முதல் அத்தியாயத்திலேயே கெட்டவன். தொழிலாளி கடைசிவரை உத்தமன். எழுதியவரின் அனுதாபம் நிஜம்தான். ஆனாலும் பாத்திரங்களுக்கு மூச்சு இல்லை. முஷ்டியை வரையலாம், அதில் தப்பில்லை. அழிக்க வேண்டிய சமயம் வரும்போது அழிக்கவும் மனசு வர வேண்டும்.

நியூயார்க்கில், ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு சபைக்கு வெளியே, இந்தச் சித்திரத்தைப் பார்த்து நெய்த திரைச்சீலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. 2003 பிப்ரவரியில், இராக்கின் மேல் யுத்தம் தொடுக்க அமெரிக்கா காரணம் சொல்ல வந்தபோது, அதை நீலத் துணி போட்டு மறைத்தார்கள். டெலிவிஷன் காமிராக்களுக்குப் பின்னணி சரிப்படவில்லை என்று விளக்கமும் சொன்னார்கள். 1937-ல் எரிந்த ஊருக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? படத்தில் எதிரியின் பெயர் எழுதியிருந்தால், மூட வேண்டிய அவசியமே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.