ஐந்து லட்சத்தில் அடங்காத கண்ணாடி

ஓசூர் வட்டாரத்தில் ஆள் எடுக்கும் நிறுவனங்கள் சம்பளத்துக்கு அடுத்தபடியாகப் பெருமையோடு சொல்வது 'குரூப் மெடிக்ளைம்' எனும் குழு மருத்துவக் காப்பீடு. ஐந்து லட்சம் கவர், குடும்பத்துக்கும் உண்டு, கண்ணும் அதில் அடக்கம் என்கிறார்கள். கண்ணும் அடக்கம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நல்லதைச் சொல்லிவிடலாம். தனிநபர் பாலிசியில் கண்புரை அறுவைக்கு வழக்கமாக இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பு இல்லை. விழித்திரை விலகல் போன்ற பெருஞ்செலவில் அது குடும்பத்தைக் கடனிலிருந்து காக்கும். ஆனால் அறுவைக்கும் பாலிசிகளில் உச்சவரம்பு இருக்கலாம். உதாரணமாக, 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்ய சஞ்சீவனி என்ற மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் கண்புரைக்கு, ஒரு கண்ணுக்குக் காப்புத்தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அதுதான். ஒரு லட்ச ரூபாய் பாலிசியில் 40,000 ரூபாய் பில் வந்தால் 15,000 ரூபாயும், அதோடு 5 சதவீதப் பங்கும் நம் கைக்காசு.

ஆனால் உழைக்கும் வயதில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது அறுவை அல்ல. பவர் பரிசோதனையும் கண்ணாடியும்தான். இந்தக் காப்பீடு கைவிடுவது அங்கேதான். மெடிக்ளைம் என்பது மருத்துவமனைப் படுக்கையை வைத்துக் கட்டப்பட்டது. புறநோயாளியாகக் கண்ணைக் காட்டினால் பணம் வராது. கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் விலை பொதுவாகவே விலக்கப்பட்டவை. லேசர் செய்துகொள்ளலாம் என்றால், 7.5 டயாப்டருக்குக் குறைந்த பார்வைக் குறைபாட்டுக்கான சிகிச்சை விலக்கு என்பது நாடு முழுவதற்குமான பொது விதி. ஆக, அரிதாக வரும் செலவுக்குக் காப்பு உண்டு. நிச்சயம் வரும் செலவுக்கு இல்லை.

இதில் கொடுமை, சம்பளம் உயரும்போதுதான் இந்த இழப்பு தொடங்குகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர் ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்கிறார். 0.75 சதவீதம் அவர் தருகிறார், 3.25 சதவீதம் நிறுவனம் தருகிறது. அங்கே புறநோயாளி சிகிச்சை உண்டு; ஓசூரிலேயே ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. 2017 ஜனவரியில் வைத்த அந்த வரம்பைச் சம்பளம் தாண்டினால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. நின்றுபோகும். ஜவளகிரியிலிருந்து கம்பெனி பஸ் ஏறும் ஒருவர் நாற்பதை நெருங்கும்போது சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. வெள்ளெழுத்தும் அப்போதுதான் வருகிறது. கண்ணாடிக்காக ஓசூருக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ போய்வரும் நாளின் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் அந்தக் குடும்பத்தின் கையில் இருப்பது ஆங்கிலத்தில் அச்சிட்ட பாலிசி.

கண்ணாடி எதிர்பார்த்த செலவு, எதிர்பாராததற்குத்தான் காப்பீடு என்று நிர்வாகத் தரப்பில் வாதிடுவார்கள். வாதம் சரி. அப்படியானால் கண் அடக்கம் என்று சொல்லாதீர்கள். கையுறையும் ஷூவும் எதிர்பார்த்த செலவுகள்தாம். அவற்றைக் காப்பீட்டில் யாரும் தேடுவதில்லை, நிறுவனமே தருகிறது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, துகள் தெறிக்கும் வேலையில் கண்காப்புக் கண்ணாடி தரச் சொன்னது. பவர் இல்லாத அந்தக் கண்ணாடியால் வெள்ளெழுத்து வந்தவருக்கு அளவுகோலின் கோடு தெரியாது.

பவர் கண்ணாடியும் வேலைக் கருவிதான். இதற்குச் சான்று உண்டு. அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயது கடந்த தொழிலாளர்களுக்கு இலவசமாகப் படிப்புக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வு 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. கண்ணாடி பெறாதவர்களைவிடப் பெற்றவர்களின் உற்பத்தி கூடுதலாக 21.7 சதவீதம் உயர்ந்தது. இலை பறிப்பதிலேயே இவ்வளவு என்றால், கடிகாரமும் கைப்பேசி உதிரிபாகமும் செய்யும் இந்த வட்டாரத்தில் தெளிந்த பார்வையின் பலன் முதலில் போய்ச் சேர்வது நிறுவனத்துக்கே. பலன் அவர்களுக்கு, செலவு தொழிலாளிக்கு என்பது நியாயமல்ல.

எனவே தொழிற்சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் காப்புத்தொகையை ஐந்திலிருந்து ஏழு லட்சமாக்கக் கேட்பதற்கு முன், ஆலைக்குள்ளேயே ஆண்டுக்கொரு கண் பரிசோதனையும், தேவைப்படுவோருக்குப் பவர் வைத்த பாதுகாப்புக் கண்ணாடியும் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளரையும் அதில் சேர்த்தே கேளுங்கள்.