நீண்ட காலப் பணமும் காணி உறுதியும்

பிலிமத்தலாவையில் பித்தளைக் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறைக்காரர் புதிய உலை போட நினைத்து வங்கிக்குப் போனால், பேச்சு உலையில் தொடங்காது. காணி உறுதியில் தொடங்கும். உலையில் போட்ட பணம் திரும்பி வர ஐந்தாறு வருடம் பிடிக்கும். மக்களின் குறுகிய கால வைப்புகளை நம்பிக் கடன் கொடுக்கும் வர்த்தக வங்கி அவ்வளவு நாள் காத்திருக்கப் பயப்படுவதில் நியாயம் உண்டு. அந்தப் பயத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளவென்றே உருவானது அபிவிருத்தி வங்கி. எழுபது வருடக் கதையைக் கண்டியில் நின்று பார்த்தால், இலங்கையில் அது ஒரு துறையில் தெளிவாக வென்றது. மற்ற இடங்களில் பெரும்பாலும் அதுவும் உறுதியைத்தான் கேட்டது.

உலக வங்கித் தூதுக்குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து இலங்கை அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபனம் 1955 இல் பிறந்தது. அதே வருடம் இந்தியாவில் ஐ.சி.ஐ.சி.ஐ.; அதற்கு முந்திய வருடம் கொரிய அபிவிருத்தி வங்கி. மூன்றும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர். கொரியாவில் அறுபதுகளுக்குப் பின் அரசு மலிவுக் கடனை ஏற்றுமதியோடு முடிச்சுப் போட்டது: விற்றுக் காட்டு, அடுத்த கடன் வாங்கு. இங்கே அப்படியொரு முடிச்சு விழவில்லை. பெரிய ஆலைகளை அரசே கூட்டுத்தாபனங்களாக நடத்தியது. தனியார் கைத்தொழில் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் மூச்சுத் திணறியது. திட்டங்களை நுணுக்கமாக ஆராயத் தெரிந்த வங்கி இருந்தது, ஆராயத்தான் போதிய திட்டங்கள் இல்லை. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபின், 1979 இல் தேசிய அபிவிருத்தி வங்கி வந்தது. சிறிய, நடுத்தரக் கைத்தொழிலுக்கான கடன்களை அது வர்த்தக வங்கிகள் வழியாக, உலக வங்கிப் பணத்தில் மறுநிதியளித்துக் கொடுத்தது. சிறு கைத்தொழிலாளரை வாசலில் நிறுத்திய வங்கிகளை உள்ளே கூப்பிட்டுப் பேச வைத்தது அந்த ஏற்பாடுதான்.

வெற்றி எதுவென்று கேட்டால் நான் சிறு நீர்மின் நிலையங்களைத்தான் காட்டுவேன். மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் வெள்ளைக்காரர் காலத்திலேயே ஓடை நீரில் ஓடும் சிறு மின் இயந்திரங்கள் இருந்தன. தேசிய மின்கம்பி வந்ததும் அவை கைவிடப்பட்டன. 1996 இல் டிக் ஓயா நிலையம் மின்சார சபைக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியது. அடுத்த வருடம் உலக வங்கி ஆதரவுடன் எரிசக்திச் சேவைத் திட்டம் ஆரம்பமானது. நிர்வாகம் அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபனத்தின் கையில். கடன் கொடுத்த வங்கிகளுக்கு நீண்ட கால மறுநிதி கிடைத்தது. கடன் திரும்பாவிட்டால் நட்டம் அந்த வங்கிகளுக்கே. ஆனால் இதைவிட முக்கியமானது வேறொன்று. மின்சார சபை ஒவ்வொருவரோடும் தனித்தனியே பேரம் பேசாமல், ஒரே மாதிரி ஒப்பந்தத்தில் 15 வருடம் வாங்குவதாகக் கையெழுத்திட்டது. வாங்குபவர் நிச்சயமானதும் வங்கிக்கு ஆற்று நீரின் கணக்கைப் பார்க்கத் துணிவு வந்தது. உள்ளூர்ப் பொறியியலாளரும் நிறுவனங்களும் வளர்ந்தார்கள்; விதுல்லங்கா போன்ற நிறுவனம் உகண்டாவரை போய் நிலையம் கட்டியது.

இதிலும் குறை உண்டு. அணைக்கும் மின் நிலையத்துக்கும் இடையே ஓடையில் நீர் குறைந்து, கீழே வயல் செய்தவர்களும் குளித்தவர்களும் முறையிட்டார்கள். வங்கியின் கணக்கில் வருமானத்துக்கு நிரல் இருந்தது, அந்த ஊருக்கு இருக்கவில்லை.

கண்டி மாவட்டத்தின் மற்றக் கைத்தொழில்களுக்கு அந்த 15 வருட வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. பல்லேகலையில் கைத்தொழிற்பேட்டை அமைந்தது. அங்கே இடமும் மின்சாரமும் உண்டு, உற்பத்தியை யார் வாங்குவார் என்பது அவரவர் தலைவிதி. சிறு தொழில் செய்பவர்களுக்குக் கடன் கொடுக்க 1985 இல் சட்டமாகி மாவட்டங்களில் தொடங்கிய கிராமிய அபிவிருத்தி வங்கிகள், 1997 சட்டத்தின்கீழ் ஆறாகச் சேர்க்கப்பட்டன. இப்பகுதிக்கு வாய்த்தது கந்துரட்ட அபிவிருத்தி வங்கி. கடன்காரரின் தெருவும் தொழிலும் தெரிந்த வங்கி அது. இந்தப் பக்கத்துக்கு அது புதிதுமல்ல: நாட்டின் முதல் கடனுதவிச் சங்கமே 1906 இல் தெல்தெனியவில் உருவானது. 2010 இல் ஆறு வங்கிகளும் ஒரே பிரதேச அபிவிருத்தி வங்கியாகின. மூலதனம் பெருகியது உண்மை. ஆனால் முடிவெடுக்கும் மேசை கண்டியைவிட்டுப் போனது. அரசு 2006 இல் தொடங்கிய லங்காபுத்ர வங்கியோ வராக்கடனில் சிக்கி, பின்னர் பிரதேச அபிவிருத்தி வங்கியோடு இணைக்கப்பட்டது.

உறுதி கேட்கும் பழக்கத்தின் கொடுமை கலஹாவிலும் புசல்லாவையிலும் நன்றாகத் தெரியும். 1955 இல் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள். குடியுரிமைப் பிரச்சினை 2003 சட்டத்தோடுதான் முடிவை எட்டியது. இன்றும் லயத்தில் இருப்பவருக்கு அந்த அறை சொந்தமில்லை. நாட்டின் இயந்திர இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்தவர்களின் பிள்ளை ஒரு தையல் பட்டறை தொடங்கப் போனால், ஈடு வைக்க ஏழு பேர்ச்சஸ் காணிகூட இருக்காது. இயந்திரத்தையும் கொள்வனவுக் கட்டளையையும் பிணையாகப் பதிய 2009 இலேயே சட்டம் வந்தது. வங்கிகளின் மனம் காணியைவிட்டு நகரவில்லை. காணியை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட 1990 இன் பரேட் சட்டம் வழி தரும்போது ஏன் நகர வேண்டும்? 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. தவணை தாங்காமல் நடுத்தரத் தொழில்கள் சாய்ந்தன. ஏலங்கள் பெருகி, 2024 இல் பாராளுமன்றமே அந்த அதிகாரத்தைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

அபிவிருத்தி வங்கிகள் வர்த்தக வங்கிகளாகியதைப் பேராசை என்று மட்டும் சொல்ல முடியாது. சலுகை வட்டி வெளிநாட்டுப் பணம் வற்றியதும் அவை வைப்பைத் தேடித்தான் ஆக வேண்டும். தேசிய அபிவிருத்தி வங்கி 2001 இல் ஒரு வர்த்தக வங்கியை வாங்கி அந்தப் பக்கம் திரும்பியது. கூட்டுத்தாபனம் 2015 இல் முழு வர்த்தக வங்கியானது. ஐ.சி.ஐ.சி.ஐ. அதை 2002 இலேயே செய்துவிட்டது. இந்தியா 2021 இல் உட்கட்டமைப்புக்கென மீண்டும் ஓர் அபிவிருத்தி வங்கியைத் தொடங்கியதைக் காட்டி, இங்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். அதற்கு முன்னே அரசு சொல்ல வேண்டியது: பாடசாலைச் சீருடையையும் மருத்துவமனைக் கட்டிலையும் எத்தனை வருட ஒப்பந்தத்தில், எந்த மாவட்டப் பட்டறைகளிடம் வாங்கப் போகிறது? அந்த ஒப்பந்தம் கையில் இருந்தால் கம்பளைக் கிளை முகாமையாளரே கடன் கொடுப்பார்.