டிம் ரஸர்ட்: இரு கரையிலும் நின்றவர்

அரசியல்வாதியிடம் வேலை பார்த்தவரைச் செய்தி நிறுவனத்தில் தலைமை நாற்காலியில் அமர்த்தலாமா? அமெரிக்காவில் இந்தப் பேச்சு எழுந்தால் ரோஜர் எய்ல்ஸின் பெயர்தான் முதலில் அடிபடும். 1968 தேர்தலில் நிக்சனுக்குத் தொலைக்காட்சி ஆலோசகர்; 1996இல் ஃபாக்ஸ் நியூஸைத் தொடங்கி நடத்தியவர். அவரை வைத்து விடை சொல்வது சுலபம், ஆனால் அதில் கற்க ஒன்றுமில்லை. கட்சிக்காரர் கடைசிவரை கட்சிக்காரராகவே இருந்தார். நடுநிலையாளர் என்று பெயரெடுத்த ஒருவரிடம்தான் இந்த வழக்கத்தை உரசிப் பார்க்க வேண்டும். டிம் ரஸர்ட் அப்படிப்பட்டவர்.

பஃபலோ நகரத் துப்புரவுப் பணியாளர் ஒருவரின் மகன், சட்டம் படித்தவர். செனட்டர் மொய்னிஹனின் தலைமை உதவியாளராகவும் நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோவின் ஆலோசகராகவும் இருந்தார். இருவருமே ஜனநாயகக் கட்சியினர். 1984இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் நிர்வாகியாகச் சேர்ந்தவர், சில ஆண்டுகளிலேயே அதன் வாஷிங்டன் அலுவலகத் தலைவரானார். 1991 டிசம்பரிலிருந்து, 2008 ஜூனில் இறக்கும்வரை, ஞாயிறுதோறும் 'மீட் த பிரஸ்' நேர்காணலை நடத்தினார்.

தலைவர்களுக்குப் பதில் தயாரித்துக் கொடுத்துப் பழகியவருக்கு, அந்தப் பதில் எந்த இடத்தில் மழுப்பும் என்று தெரியாதா? விருந்தினர் முன்பு சொன்னதைத் தேதியோடு திரையில் போட்டு, இன்று ஏன் மாற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்பார். தன் பழைய கட்சிக்காரர் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. 2003இல் ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற ஹவர்ட் டீன், படையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்வியில் திணறியது இவர் முன்னால்தான். இந்தக் கூர்மை பத்திரிகைப் பள்ளியில் கிடைப்பதில்லை. உள்ளே இருந்து பார்த்தவருக்கே வரும்.

ஆனால் இந்தக் கேள்வி முறை முரண்பாட்டைத்தான் பிடிக்கும். ஒரே பொய்யை மாற்றாமல் சொல்பவர் அதில் சிக்கமாட்டார். 2002 செப்டம்பர் 8 அன்று துணை ஜனாதிபதி டிக் செனி அந்த நிகழ்ச்சியில் அமர்ந்து, அணு ஆயுதத்துக்காக ஈராக் அலுமினியக் குழாய்கள் வாங்கப் பார்ப்பதாக அன்று காலை நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தியையே ஆதாரமாகக் காட்டினார். அந்தச் செய்திக்குத் தகவல் தந்தவர்கள் அவருடைய அரசின் அதிகாரிகள். திரையில் போட்டு மடக்குவதற்கு ரஸர்ட்டிடம் பழைய மேற்கோள் எதுவும் இல்லை.

இதைவிடப் பெரிய குறை 2007இல், செனியின் தலைமை உதவியாளராக இருந்த லிபி மீதான பொய்ச் சாட்சிய வழக்கில் வெளிப்பட்டது. மூத்த அதிகாரிகள் தொலைபேசியில் பேசினால் அது 'ஆஃப் த ரெக்கார்டு' என்றே எடுத்துக்கொள்வேன், வெளியிட வேண்டுமானால் அவர்களிடம் அனுமதி கேட்பேன் என்று ரஸர்ட் சாட்சியம் சொன்னார். செய்தியாளர்கள் இப்படி வாக்குறுதி தருவது உண்டு. அதிகாரி கேட்டால்தான் தருவார்கள். இவர் கேட்காமலே தந்தார். தலைவரின் ரகசியத்தைக் காக்கும் உதவியாளரின் குணம் இது. அதே வழக்கில் செனியின் தகவல் தொடர்பு அதிகாரி, செய்தி தாங்கள் நினைத்தபடி போய்ச்சேர இந்த நிகழ்ச்சி வசதியான மேடை என்று கருதியதையும் ஒப்புக்கொண்டார். கேள்வி கேட்பதில் கெடுபிடியானவர் என்று பெயரெடுத்த மனிதருக்கு இதைவிடக் கசப்பான சான்றிதழ் வேறென்ன வேண்டும்!

அதே ஆண்டு ஒரு பொதுத் தொலைக்காட்சி ஆவணப்படத்தில் அவரைக் கேள்வி கேட்டவர் பில் மாயர்ஸ். அவரும் உதவியாளராக இருந்தவர்தான்: ஜனாதிபதி ஜான்சனின் பத்திரிகைச் செயலாளர், பிறகு நியூஸ்டே நாளிதழின் வெளியீட்டாளர். ஈராக் போருக்கு முன்பு ஐயம் கொண்டிருந்த அதிகாரிகள் தன்னைத் தொலைபேசியில் அழைத்திருக்கக் கூடாதா என்று ரஸர்ட் அங்கே ஆதங்கப்பட்டார். நைட் ரிடர் செய்தி நிறுவனத்தின் நிருபர்கள் லாண்டேயும் ஸ்ட்ரோபலும் அழைப்புக்காகக் காத்திருக்கவில்லை. அதே வாஷிங்டனில் இடைநிலை அதிகாரிகளைத் தேடிப்போய் விசாரித்து, அரசின் வாதத்தில் இருந்த ஓட்டைகளை எழுதினார்கள்.

முன்னாள் உதவியாளர்களுக்குச் செய்தி அறையின் கதவை அடைக்க வேண்டியதில்லை. ரஸர்ட் அளவுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் குறைவு. என்.பி.சி. செய்த தவறு வேறு. அதிகாரிகள் வந்தால்தான் நடக்கும் நிகழ்ச்சியையும், அவர்களைத் துருவ வேண்டிய அலுவலகத்தின் தலைமையையும் ஒரே ஆளிடம் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் விட்டுவைத்தது.