துண்டுக்கு அடியில் போடுகிற மார்க்

நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது எப்படி என்று சொல்லித்தருகிற புத்தகங்களில் நாலைந்தை வாங்கிப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எல்லாம் ஒரே அச்சு. வணக்கம் சொல்லி நுழை, உட்காரச் சொன்ன பிறகு உட்கார், கண்ணைப் பார்த்துப் பேசு, குடும்பப் பின்னணியைச் சுருக்கமாக, பெருமையாகச் சொல்.

இந்தக் கடைசி இரண்டு உபதேசத்தோடுதான் எனக்குச் சண்டை. ஊர்த்தெருவில் ஆம்பளைங்க கண்ணைப் பார்த்துப் பேசினால் ‘இன்னாடா மொறைக்கிற’ என்று அடி விழுந்த தலைமுறை என் நைனாவுடையது. கீழே பார்த்துப் பேசுவதை மரியாதை என்று அடித்துப் பழக்கினவர்களே, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததும் அதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று குறித்துக்கொள்கிறார்கள். புத்தகம் எழுதினவர் மனதில் ஒரு வாசகன் இருக்கிறான். அவனுக்கு அப்பா ஆபீஸ் போகிறார், வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் வருகிறது. எங்களுக்காக அந்தப் பக்கங்கள் எழுதப்படவில்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2004இல் ஆய்வுப் படிப்புக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு நேர்முகத்துக்குப் போனேன். தோல் தொழிலாளர் சங்க வரலாறு என் தலைப்பு. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். உள்ளே ஐந்து பேர். முதல் கேள்வி, அப்பா என்ன செய்கிறார். நைனா ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். நான் சொன்னேன், “லெதர் லைன்ல இருக்கார் சார்.” “எக்ஸ்போர்ட்டா?” என்றார் ஒருவர். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இன்னொருவர், இந்தப் பகுதியில் முன்பு எப்படித் தோல் பதனிட்டார்கள் தெரியுமா என்று கேட்டார். தெரியுமாவா? சுண்ணாம்பில் எத்தனை நாள் ஊறும், ரோமத்தை எப்படி வழிப்பார்கள், சதையை எப்படிச் சுரண்டுவார்கள், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்ட தோலுக்கு என்ன நிறம் வரும், கடைசியில் கடுக்காய் எதற்கு, குரோம் வந்த பிறகு குழிக்காரன் கை என்ன ஆச்சு என்பதெல்லாம் சோறு தின்னும்போது கேட்டே வளர்ந்தவள் நான். 1972இல் சீதாராமையா கமிட்டி, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைக்கச் சொன்னதும் அதற்குப் பின்னால் ஆவாரம்பட்டைக் குழிகள் மூடப்பட்டதும் படித்தும் வைத்திருந்தேன். அந்த அறையில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. ஆனால் எக்ஸ்போர்ட்காரர் மகளுக்குக் குழியின் நாற்றம் எப்படித் தெரியும்? வாயடைத்துப் போச்சு. “புத்தகத்தில் படித்திருக்கிறேன்” என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன். இடம் கிடைக்கவில்லை. கேள்வி கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் நல்ல கேள்விதான் கேட்டார். ஒரு பொய்யைச் சொல்லி என் படிப்பு முழுவதையும் நானே பூட்டிக்கொண்டேன். அந்தப் பொய்யை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைத்தான் இத்தனை வருஷமாக யோசிக்கிறேன்.

அதனால்தான் வழிகாட்டிப் புத்தகங்களை மூடிவிட்டு வேறு சில பிரதிகளைப் படிக்கச் சொல்கிறேன் தோழர்களே. ஒன்று, அஜய் ஹாசியா வழக்கில் 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துக்கு 100, நேர்முகத்துக்கு 50. நேர்முகம் இரண்டு மூன்று நிமிஷம்தான் நடந்தது, பெற்றோர் யார், எந்த இடம் என்றுதான் கேட்டார்கள் என்பது மாணவர்களின் முறையீடு. நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் வைப்பது தன்னிச்சையானது என்றது நீதிமன்றம். பேச்சை டேப்பில் பதிவு செய்தால் நல்லது என்றும் சொன்னது. அதற்கு முன்பே, 1970இல், நம் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை வழக்கில் 275 மார்க்கில் 75ஐ நேர்முகத்துக்கு ஒதுக்கியதை அதிகம் என்று கண்டித்திருக்கிறது. அரை நூற்றாண்டு தாண்டியும் டேப் ஓடவில்லை.

இன்னொன்று, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நஃபே தலைமையிலான குழு 2016இல் தந்த அறிக்கை. அங்கே எழுத்துக்கு 70, வைவாவுக்கு 30. எழுத்தில் வாங்கிய மார்க்குக்கும் வைவாவில் கிடைத்த மார்க்குக்கும் உள்ள இடைவெளி சமூகப் பிரிவுக்குப் பிரிவு ஒரே பாங்கில் மாறுகிறது, அது பாகுபாட்டைக் காட்டுகிறது என்று அந்தக் குழு சொன்னது. வைவாவை 15ஆகக் குறைக்கவும் பரிந்துரைத்தது. நமது இலக்கியவாதிகள் சாட்சியம் என்றால் கண்ணீர் வடிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அறிக்கையில் கண்ணீர் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. எனக்கு அது எந்தத் தன்வரலாற்றுக்கும் குறையாத சாட்சியம். என் 2004ஐ நான் அந்தப் பட்டியல்களில்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அறிக்கை வந்த அதே 2016இல் யூ.ஜி.சி. தன் புதிய விதியில், எழுத்துத் தேர்வில் 50 சதவீதம் எடுத்துத் தேறினால் போதும், இடத்தை நேர்முகம் தீர்மானிக்கும் என்று ஆக்கியது. முப்பதே அதிகம் என்று சொன்ன பிறகு நூறு! சேலத்து முத்துகிருஷ்ணன், ஹைதராபாத்தில் ரோஹித்துக்கு நியாயம் கேட்டு நின்றவர், பலமுறை முயன்று ஜே.என்.யூ.வுக்குள் நுழைந்தவர், ஆய்வுச் சேர்க்கையிலும் வைவாவிலும் சமத்துவம் இல்லை என்று முகநூலில் எழுதினார். சில நாளில், 2017 மார்ச் 13 அன்று இறந்துபோனார். நூற்றுக்கு நூறு என்ற அந்த ஏற்பாட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் செல்லாது என்றது. இப்போது இருப்பது 2022 விதி: எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30. ஜே.ஆர்.எஃப். வாங்கியவர்களுக்கு நேர்முகம் மட்டும்.

நேர்முகமே வேண்டாம் என்று சொல்லும் தோழர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. பேச்சில் ஜொலிக்கிற நம்ம பிள்ளைகளை எழுத்துத் தேர்வு பிடிக்காமல் விட்டுவிடுகிறது. எங்க பக்கத்துச் சந்தையில் நைனா காலத்துத் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். மாட்டுக்காரன் பக்கத்தில் நின்றாலும் தன் மாட்டுக்கு இன்னா விலை போகிறது என்று தெரியாது. துண்டை எடு என்பதுதான் என் கோரிக்கை. பதிவு செய், மார்க்குக்குக் காரணம் எழுது, கேட்டால் காட்டு.

ஒடுகத்தூரில் எங்கள் சமுதாயக்கூடத்தில் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்து நேர்முகம் பழக்குகிறோம். போன மாதம் டெல்லிக்குப் போக இருந்த ஒரு பெண்ணுக்காகப் பையன்கள் மூன்று பேர் பேராசிரியராக நடித்தார்கள். ஒருவன் கால்மேல் கால் போட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “நேட்டிவ்?” என்றான். “ஒடுகத்தூர் சார்.” “அதுல எங்க?” கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிரிப்பு அடங்கினதும், இவ்வளவு தத்ரூபமாக எங்கிருந்து கத்துக்கினான் இவன் என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

அந்தப் பெண் என்னிடம் தனியாக வந்தாள். “அக்கா, அம்மா இன்னா வேலைன்னு கேட்டா இன்னா சொல்றது? ஃபேஷன் பிராடக்ட்ஸ்னு சொல்லவா?” நான் என் எக்ஸ்போர்ட் கதையைச் சொன்னேன். வேறெவரிடமும் அதுவரை சொன்னதில்லை. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கம்பெனி வேனில் வந்து இறங்கிய அம்மா இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. இவள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதினதைத் தமிழில் படித்துக் காட்டினாள்: “என் அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார்.”

“தையல் எங்கடி நானு?” என்றது அம்மா. “தைக்கிறவங்களுக்கு முன்னாடி டேபிள்டி. ஓரத்த மெலிசாக்கி வரும், நான் பசை போட்டு மடிச்சித் தட்டுவேன். சுருக்கம் வுழுந்தா திருப்பி அனுப்பிடுவான். சரியா எழுது.”

அவள் தையலை அடித்துவிட்டு, பசையின் பெயரைக் கேட்டாள்.